பிசான நெல்லுக்கு வரும் வெயிலையும் அளக்க வேண்டும்

பாபநாசம் அணையில் இன்று எத்தனை அடி தண்ணீர் என்று தாமிரபரணிப் பாசன விவசாயி தினமும் விசாரிக்கிறார். கால்வாயில் தண்ணீர் என்றைக்கு வரும், என்றைக்கு அடைப்பார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ஆனால் பயிருக்கு எவ்வளவு வெயில் கிடைத்தது என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. வெயில் தானாக வருவது, குறையாதது என்பது நம் எண்ணம். அந்த எண்ணம் சரியல்ல என்று செயற்கைக்கோள்களும் ஆராய்ச்சி விமானங்களும் காட்டிவிட்டன.

மார்கழி, தை மாதங்களில் விடியற்காலையில் வயலை மூடுவது பனி. வெயில் ஏறினால் அது கலைந்துவிடும். உச்சிப் பொழுதிலும் வானம் நீலமாக இல்லாமல் வெளிறிக் கிடந்து, மேற்கே பொதிகை மலை மங்கலாகத் தெரிந்தால், அதற்குப் பெரும்பாலும் காற்றில் மிதக்கும் நுண்ணிய தூசியே காரணம். மண் புழுதி, கடல் உப்பு, விறகு அடுப்புப் புகை, வாகனப் புகை, நிலக்கரிப் புகை, வயலில் தாள் எரிக்கும் புகை எல்லாம் இதில் சேர்த்தி. மழை பெய்தால் இது கழுவப்பட்டுவிடும். மழை ஓய்ந்த மாதங்களில் நாட்கணக்கில் மிதந்து, பல நூறு கிலோமீட்டர் பயணம் செய்யும்.

1999 ஜனவரி முதல் மார்ச் வரை இந்தியா, அமெரிக்கா, ஐரோப்பிய நாடுகளின் விஞ்ஞானிகள் ஒன்று கூடி, கப்பல், விமானம், செயற்கைக்கோள் மூலம் இந்தியப் பெருங்கடலின் வானத்தை ஆராய்ந்தார்கள். தெற்கு ஆசியாவிலிருந்து கடல் வரை பழுப்பு நிறப் படலம் ஒன்று பரவிக் கிடப்பதைக் கண்டார்கள். அதனால் கடல் மட்டத்தை எட்டும் வெயில் சுமார் 10 சதவீதம் குறைந்திருந்தது. 2006 மார்ச்சில் மாலத்தீவிலிருந்து ஆளில்லாச் சிறு விமானங்கள் மூன்றை அனுப்பினார்கள். ஒன்று மேகத்துக்கு மேலே, ஒன்று உள்ளே, ஒன்று கீழே பறந்து ஒரே நேரத்தில் அளந்தது. தூசி வெயிலைத் தடுப்பதோடு, தானும் சூடேறி மேல்காற்றைச் சூடாக்குகிறது என்பது தெளிவாயிற்று.

அந்த மாதங்கள்தான் பிசான நெல் கதிர் வாங்கி, பால் பிடித்து, முற்றும் காலம். இலை மாவுச்சத்து தயாரிப்பது வெயிலைக் கொண்டுதான். அந்தப் பருவத்தில் வெயில் குறைந்தால் மணி திரளாது, பதர் மிகும். பழுப்புப் படலமும், பூமியைச் சூடாக்கும் கரிவாயு முதலியவையும் சேர்ந்து இந்தியாவின் நெல் விளைச்சலைக் குறைத்துவிட்டன என்று 2006இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கணக்கிட்டது. அது மழைக்காலச் சாகுபடியைப் பற்றிய கணக்கு. தெற்கே தூசி கங்கைச் சமவெளியைப் போல அவ்வளவு அடர்த்தியும் இல்லை. ஆகவே பிசானத்துக்குத் தனிக் கணக்கு வேண்டும்.

செயற்கைக்கோள் மட்டும் அந்தக் கணக்கைத் தந்துவிடாது. 1999 டிசம்பரில் ஏவப்பட்ட அமெரிக்காவின் டெர்ரா செயற்கைக்கோள், தூசியைக் கணக்கிடும்போது 10 கிலோமீட்டர் நீள அகலமுள்ள நிலத்தை ஒரே புள்ளியாகப் பார்த்தது. மேகம் மறைத்தால் அதன் கீழே உள்ள தூசி தெரியாது. மேலே இருந்து பார்த்ததைக் கீழே அளந்து சரிபார்க்க வேண்டும். அதற்கு இந்தப் பள்ளத்தாக்கிலேயே அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையமும் கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியும் இருக்கின்றன. அங்கே வெயிலையும் தூசியையும் பயிரோடு சேர்த்து அளந்து, கண்ட விவரத்தை விவசாயிகளுக்குச் சொல்ல வேண்டும்.

ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவருக்கு இதனால் என்ன லாபம் என்று கேட்கலாம். லாபம் உண்டு. வெயில் குறைந்த பருவத்தில் பயிர் தழைச்சத்தை முழுதாகப் பயன்படுத்தாது. அப்போது யூரியாவை அள்ளிப் போட்டால் பயிர் சாயும். குலைநோய்க்கும் இடம் கொடுக்கும். முன்கூட்டித் தெரிந்தால் மேலுரத்தைக் குறைத்துக்கொள்ளலாம். சிறு விவசாயிக்கு ஒரு மூட்டை உரத்தின் காசும் பெரிய காசுதான்.

செவ்வாய், வெள்ளிக் கிழமைகளில் வரும் வேளாண் வானிலை அறிக்கை மழை, வெப்பம், காற்று, ஈரப்பதம், மேகம் ஆகியவற்றைச் சொல்கிறது. பிசான காலத்தில் 'வெயில் எவ்வளவு, தூசி எவ்வளவு' என்ற ஒரு வரியையும் அதில் சேர்க்க வேண்டும். 2024 பிப்ரவரி 17ஆம் தேதி இன்சாட்-3டிஎஸ் வானிலைச் செயற்கைக்கோளை ஏற்றிச் சென்றது ஜி.எஸ்.எல்.வி. ராக்கெட். அந்த வகை ராக்கெட்டின் கிரையோஜெனிக் எஞ்சின்கள் சோதிக்கப்படுவது இதே நெல்லை மாவட்டத்து மகேந்திரகிரியில். அங்கே எஞ்சின் முழங்குவதைக் கேட்கும் விவசாயிக்கு அதன் பலனும் எட்ட வேண்டாமா?

விவசாயிகளுக்கும் ஒரு பொறுப்பு உண்டு. அனல் நிலையப் புகையையும் வாகனப் புகையையும் அவர்களால் தடுக்க முடியாது. அறுவடைக்குப் பின் வயலில் கிடக்கும் தாளுக்குத் தீ வைக்காமல் மடக்கி உழ அவர்களால் முடியும். மண்ணுக்கு அது எரு. அக்கம்பக்கத்தில் முற்றாமல் நிற்கும் பயிருக்கும் அதனால் கூடுதல் வெயில் கிடைக்கும்.