உளவியல் படிக்கக் கிராமத்து மாணவர் எங்கே போவார்?

உளவியல் முதுநிலைப் படிப்பை இனி அஞ்சல் வழியில் படிக்க முடியாது. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவப் பணிகள் ஆணையச் சட்டத்தின் கீழ் வரும் படிப்புகளை, உளவியல் உட்பட, தொலைநிலையிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு உத்தரவிட்டுவிட்டது. 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவம் முதல் புதிய சேர்க்கை இல்லை.

உத்தரவின் நோக்கத்தைக் குறை சொல்ல முடியாது. மனம் நொந்து வருபவரிடம் எப்படிப் பேசுவது என்பதைப் புத்தகம் மட்டும் கற்றுத் தராது. அனுபவசாலிகளின் மேற்பார்வையில் பழக வேண்டும். அரைகுறைப் பயிற்சி பெற்றவர்களால் முதலில் பாதிக்கப்படுவதும் ஏழைகள்தான்.

ஆனால், மாற்று வழி காட்டாமல் கதவை மூடினால் யார் வெளியே நிற்பார்கள்? பகலில் அங்கன்வாடியிலோ தனியார் பள்ளியிலோ வேலை பார்த்துக்கொண்டு இரவில் படித்தவர்கள். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு தேர்வு எழுதிய பெண்கள். நகரத்துக் கல்லூரியில் சேர வேண்டுமானால் கட்டணமும் விடுதிச் செலவும் மட்டுமல்ல, இரண்டு வருடச் சம்பளமும் போகும். கூலி வேலை செய்யும் தலித் குடும்பம் அதைத் தாங்காது.

இது வேலைவாய்ப்புப் பிரச்சினை மட்டுமல்ல. 2016இல் ஹைதராபாத்தில் ரோஹித் வெமுலா, 2019இல் மும்பையில் பழங்குடி மருத்துவர் பாயல் தத்வி ஆகியோரை இழந்தோம். 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவர் வீடு புகுந்து வெட்டப்பட்டார். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதி வகுப்பறைக்குள்ளேயே இருக்கிறது என்பதை அரசும் அறியும்.

இழிவுபடுத்தப்பட்ட பிள்ளையிடம், "அதையெல்லாம் பெரிதுபடுத்தாதே, படிப்பைக் கவனி" என்று சொல்லும் ஆலோசகர், குற்றத்தை அந்தப் பிள்ளையின் மனதுக்குள்ளேயே தேடுகிறார். ஊரையும் சேரியையும் அறிந்தவர்கள் இத்துறைக்கு வந்தால்தான் இந்தப் பார்வை மாறும்.

எனவே, மாவட்டந்தோறும் ஓர் அரசுக் கல்லூரியிலாவது மாலை நேர, வார இறுதி உளவியல் முதுநிலை வகுப்புகள் தொடங்கப்பட வேண்டும். மாவட்ட அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் செய்முறைப் பயிற்சியும், பயிற்சிக் காலத்தில் உதவித்தொகையும் தர வேண்டும். சாதி மனதில் ஏற்படுத்தும் பாதிப்பைப் பாடத்திட்டத்தில் சேர்க்க வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வார்த்தை: "உளவியல் எம்.ஏ., அஞ்சல் வழியில் சேர்க்கை நடக்கிறது" என்று யார் சொன்னாலும் உடனே பணம் கட்டாதீர்கள். மானியக் குழுவின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில், அந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அந்தப் படிப்புக்கும் அனுமதி உண்டா என்று முதலில் பாருங்கள். செல்லாத பட்டத்துக்காக நம் வீட்டு நகைகள் அடகுக்குப் போகக் கூடாது.