கடி வாங்காமல் பல் தேய்க்க...

நாய் வளர்ப்பவர்களை ஒரே ஒரு கேள்வியில் அசடு வழிய வைக்கலாம். 'சார், உங்க நாய்க்குப் பல் தேய்ச்சு எத்தனை நாளாச்சு?'

தடுப்பூசி போட்ட தேதி கேளுங்கள், சொல்வார்கள். என்ன ஷாம்பு, என்ன பிஸ்கட், போன தீபாவளிக்கு எந்தக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்தது, எல்லாம் நாக்கு நுனியில் இருக்கும். பல் என்றதும் மட்டும் ஒரு சிரிப்பு. 'நாய்க்குப் போய் எவனாவது பல் தேய்ப்பானா? காட்டுல ஓநாய்க்கு யார் சார் பிரஷ் வாங்கித் தர்றாங்க?'

நியாயமான கேள்விதான். ஆனால் காட்டு ஓநாய்க்கும் பல் உடைகிறது, ஈறு கெடுகிறது. டாக்டரிடம் வந்து காட்டுவதில்லை, அவ்வளவே. அது தோலும் தசைநாருமாகக் கிழித்துத் தின்கிறது. நம் வீட்டு ஐயாவோ தயிர் சாதம், பால், டீயில் நனைத்த பிஸ்கட் என்று பென்ஷன் வாங்கியவர் மாதிரி சாப்பிட்டுவிட்டு, ஃபேனுக்கு அடியில் பன்னிரண்டு பதிமூன்று வருஷம் வாழ்கிறார். சோறு பல்லைத் தேய்த்துக் கொடுக்காது. பிஸ்கட்டும் கொடுக்காது. கடையில் விற்கும் சாதாரண உலர் தீவனம்கூடப் பல்லின் நுனி பட்டதும் படக்கென்று உடைந்துவிடும். ஈறு ஓரம் வரை எட்டாது.

முதலில் கணக்கு. நமக்கு 32 பல். வளர்ந்த நாய்க்கு 42. (குட்டிக்கு 28 பால் பற்கள்.) முன்பல் 12, கோரைப் பல் 4, முன்கடைவாய்ப் பல் 16, கடைவாய்ப் பல் 10. கூட்டிப் பாருங்கள், சரியாக வரும். நம் வாயிலும் நான்கு கோரைப் பல் உண்டு. அதற்கு இங்கிலீஷ்காரன் வைத்த 'கேனைன்' என்ற பெயரே நாயிடமிருந்து வாங்கியதுதான். பெயரைக் கடன் வாங்கிக்கொண்டு பிரஷ்ஷை மட்டும் தராமல் இருப்பது என்ன நியாயம்?

இந்த 42 பல்லும் அல்சேஷன் வாயில் காலாட்டிக்கொண்டு உட்காரலாம். பொமரேனியன், டேக்ஷண்ட் மாதிரி சின்ன ஜாதிகளில் அது பீக் அவர் மின்சார ரயில். 2003-ல் ஒரு செல்போன் கம்பெனி விளம்பரத்தில் பையன் பின்னாலேயே ஓடியதே, பக் நாய், ஞாபகம் இருக்கிறதா? சப்பை மூஞ்சி, குட்டித் தாடை, ஆனால் பல் அதே 42. இடமில்லாமல் சில பற்கள் பக்கவாட்டில் திரும்பி நிற்கும். இண்டு இடுக்கெல்லாம் அழுக்கு சேரும்.

அழுக்கு எப்படிச் சேர்கிறது? சாப்பிட்ட சில மணி நேரத்தில் எச்சிலும் பாக்டீரியாவும் சேர்ந்து பல் மேல் வழவழவென்று ஒரு படலம் கட்டும். இந்த நிலையில் துணியால் துடைத்தால்கூடப் போய்விடும். சும்மா விட்டால், எச்சிலில் இருக்கும் கால்சியம் முதலிய உப்புகள் அதில் படிந்து இரண்டு மூன்று நாளில் கெட்டியாகிறது. இதுதான் காரை. டார்ட்டார் என்பதும் இதையேதான். காரை என்றால் காரைதான், சுவரில் பூசினது மாதிரி மஞ்சளாக, பிறகு பழுப்பாக. அப்புறம் எந்த பிரஷ்ஷும் அசைக்காது. நாயின் எச்சிலில் நம்முடையதைவிடக் காரத்தன்மை அதிகம். அதனால் நம்மைப் போல அதற்குச் சொத்தைப் பல் சுலபத்தில் வராது. பதிலுக்குக் காரை சுலபத்தில் பிடிக்கும். கடவுள் ஒரு கையால் கொடுத்து, மறு கையால் எடுத்துக்கொள்கிறார்.

எங்கே அதிகம் பிடிக்கும்? மேல் உதட்டைப் பக்கவாட்டில் தூக்கிப் பாருங்கள். பின்பக்கமாக மலை மாதிரி ஒரு பெரிய பல் தெரியும். கறி வெட்டும் பல் அதுதான். அதன் பக்கத்தில்தான் கன்னத்து எச்சில் சுரப்பியின் குழாய் வந்து திறக்கிறது. உப்புத் தண்ணீர் ஊற்றும் குழாயடியில் பக்கெட் வெள்ளை பூத்துப்போவது போல, முதல் காரை அங்கே.

'பல் மஞ்சளானா என்ன சார், அது என்ன பெண் பார்க்கவா போவுது?' என்று கேட்கலாம். விஷயம் மஞ்சளில் இல்லை. காரை, ஈறுக்கு அடியில் இறங்குகிறது. ஈறு சிவக்கிறது, வீங்குகிறது, பல்லை விட்டு விலகுகிறது. அந்தப் பள்ளத்தில் பாக்டீரியா குடித்தனம் நடத்தி, பல்லைப் பிடித்திருக்கும் எலும்பையே கரைக்கிறது. மேல் கோரைப் பல்லின் வேர் மூக்கை ஒட்டி இருப்பதால், நடுவில் ஓட்டை விழுந்து ஓயாமல் தும்மும் நாய்கள் உண்டு. சின்ன நாய்களில் கீழ்த்தாடை எலும்பு மெலிந்து, கட்டிலிலிருந்து குதித்ததில் தாடை முறிந்துபோவதும் உண்டு.

இதில் மோசமான சமாச்சாரம், நாய் இதைச் சொல்லாது. வலியைக் காட்டாமல் மறைப்பது அதன் பிறவிக் குணம். பல் ஆடினாலும் ஒரு பக்கமாகச் சாய்த்துச் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கும். 'நல்லா சாப்பிடுதே!' என்று நாமும் இருந்துவிடுவோம்.

எங்கள் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் பிங்கி என்று ஒரு ஒன்பது வயது வெள்ளை நாய். பொமரேனியன் என்பார்கள். (நம் ஊரில் அந்தப் பெயரில் உலாவும் நாய்களில் நிறைய, உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ்.) சொந்தக்காரர் ரிடையர்டு ஹெட்கிளார்க். ஒரு வருஷமாக பிங்கி பந்தைத் தொடுவதில்லை. முகத்துப் பக்கம் கை போனால் 'வள்'. பிஸ்கட்டை வாங்கும், கீழே போடும், மறுபடி எடுக்கும். 'வயசாச்சு தம்பி, சிடுசிடுப்பு. எனக்கும் இருக்கே!' என்பார் அவர். கடைசியில், பக்கத்தில் உட்கார முடியாதபடி வாய் நாற்றம் வந்த பிறகுதான் டாக்டர். மயக்கம் கொடுத்துப் பார்த்தால், ஐந்து பல் எடுக்க வேண்டி வந்தது.

பதினைந்து நாள் கழித்து பிங்கி மாடிப்படியில் பந்தைத் துரத்திக்கொண்டு இறங்கி வந்தது. பின்னாலேயே அவர். 'ஒரு வருஷமா வலிச்சிருக்கு தம்பி. நான் கொழுப்புன்னு திட்டிக்கிட்டிருந்தேன்' என்றார். அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை.

ஆகவே 'எங்க நாய் ரொம்ப பிகு சார், வாயில கையே வைக்க விடாது' என்பவர்கள் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அது பிகு இல்லை, வலியாக இருக்கலாம். நாற்றம், சிவந்த ஈறு, ரத்தம், ஒரு பக்கமாக மெல்லுதல், முன்காலால் வாயைத் தேய்த்தல், இதில் ஏதாவது இருந்தால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டு டாக்டரிடம் போங்கள். புண்ணில் பிரஷ் போட்டால் எந்த நாயும் கடிக்கத்தான் செய்யும். நாமே கடிப்போம்.

வலி இல்லை, வெறும் பிகுதான் என்று தெரிந்தால் அடுத்த கட்டம். நான்கு பேர் சேர்ந்து அமுக்கிப் பிடித்துத் தேய்க்கும் எமர்ஜென்சி முறை வேண்டாம். இன்று ஜெயிப்பீர்கள். நாளையிலிருந்து பிரஷ்ஷைப் பார்த்தாலே நாய் சோபாவுக்கு அடியில். இதற்கு நம் மத்திய தரத்து முறைதான் சரி: தவணை.

முதல் தவணை: ஒரு வாரம் உதட்டை மட்டும் தொடுங்கள். இரண்டு செகண்ட். உடனே அதற்குப் பிடித்த ஒரு துண்டு தீனி. மாமனார் வீட்டுக்கு முதல் தடவை போகிற மாப்பிள்ளை மாதிரி வாசலோடு நின்று, காபி குடித்துவிட்டுத் திரும்ப வேண்டும். நேரே சமையற்கட்டுக்குள் நுழையக் கூடாது.

இரண்டாம் தவணை: கோழி வேகவைத்த தண்ணீரில் விரலை நனைத்து, உதட்டுக்குள் விட்டு ஈறு ஓரம் மெல்லத் தடவுங்கள். உப்பு வேண்டாம். வெங்காயம், பூண்டு கூடவே கூடாது, நாய்க்கு அவை விஷம். சைவ வீடாக இருந்தால் நாய்களுக்கான பேஸ்ட்டையே விரலில் எடுக்கலாம்.

மூன்றாம் தவணை: விரலில் ஈர காஸ் துணியைச் சுற்றித் தேய்க்கவும். பல நாய்கள் இதோடு நின்றுவிடும். பரவாயில்லை. பெட்டியில் தூங்கும் பிரஷ்ஷைவிட வாய்க்குள் போகும் துணி எவ்வளவோ மேல்.

நான்காம் தவணை: குழந்தைகளுக்கான மிருதுவான பிரஷ். பல்லும் ஈறும் சேரும் இடத்தில் 45 டிகிரி சாய்வாக வைத்து, சின்னச் சின்ன வட்டமாக. வாயைத் திறக்கவே வேண்டாம். வெளிப்பக்கம் மட்டும் போதும். உள்பக்கத்தைப் பெரும்பாலும் நாக்கே பார்த்துக்கொள்ளும். ஒரு பக்கத்துக்கு அரை நிமிஷம். எதிரே பூதம் மாதிரி நிற்காமல் பக்கத்தில் உட்காருங்கள். சின்ன நாயானால் முதுகு உங்கள் பக்கம் இருக்க மடியில். நேரம், ராத்திரி வாக்கிங் முடிந்து சாப்பாட்டுக்கு முன்னால். முடிந்ததும் தட்டு வரும் என்று தெரிந்தால் அதுவே வந்து நிற்கும்.

எல்லாத் தவணைக்கும் ஒரே சட்டம்: நாய் போதும் என்பதற்கு முன்னால் நீங்கள் போதும் என்று சொல்லிவிட வேண்டும். முகத்தைத் திருப்பிக்கொள்வது, சும்மாவே உதட்டை நக்குவது, உடம்பை விறைப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது, இதெல்லாம் வாய்மொழி எச்சரிக்கை. உறுமல் என்பது மெமோ. மெமோ கொடுத்ததற்காக நாயை அடித்தால், அடுத்த தடவை மெமோ இல்லாமலே நடவடிக்கை எடுக்கும்! ஒரு தவணை பின்னால் போய் மறுபடி ஆரம்பியுங்கள். மூன்று வாரமோ மூன்று மாதமோ, டார்கெட் நிர்ணயிப்பது மானேஜர் இல்லை, நாய்.

தினமும் தேய்க்க வேண்டும். படலம் கல்லாக இரண்டு மூன்று நாள்தானே? எனவே ஞாயிற்றுக்கிழமை எண்ணெய்க் குளியல் கணக்கில் வாரம் ஒருமுறை தேய்ப்பது உதவாது.

இனி, கூடாதவை. நம் டூத்பேஸ்ட் கூடாது. கொப்பளித்துத் துப்ப நாய்க்குத் தெரியாது, அவ்வளவையும் விழுங்கும். ஃப்ளோரைடு வயிற்றைக் கெடுக்கும். சில பேஸ்ட்டுகளில் இருக்கும் சைலிடால் என்ற இனிப்பு, நாயின் ரத்தச் சர்க்கரையைத் தடாலென்று இறக்கி, ஈரலையும் பாதித்து, உயிருக்கே உலை வைக்கும். சமையல் சோடா, உப்பு, சாம்பல், செங்கல் பொடி எதுவும் வேண்டாம். ஆலும் வேலும் நம் பல்லுக்கு உறுதி. நாய் குச்சியை மென்றால் சிம்பு ஈறில் குத்தும். காசு, நகவெட்டியால் காரையைச் சுரண்டாதீர்கள். எனாமல் கீறி, அடுத்த காரை இன்னும் வேகமாகப் பிடிக்கும்.

எலும்பு? இங்கேதான் எல்லோரும் சண்டைக்கு வருவார்கள். வேகவைத்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து தொண்டையில், குடலில் குத்தும். கெட்டியான மாட்டெலும்பும் மான்கொம்பும் அந்தப் பெரிய வெட்டுப் பல்லையே பிளந்துவிடும். எதைக் கொடுத்தாலும் கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். தடம் விழுந்தால் சரி. அல்லது, 'இதால் என் முழங்கால் சில்லில் ஒரு போடு போட்டால் வலிக்குமா?' என்று யோசியுங்கள். வலிக்கும் என்றால் நாய்க்கு வேண்டாம். பல்லுக்கென்றே செய்த மெல்லும் தீனிகள் ஓரளவு உதவும். அமெரிக்காவில் 1997-ல் ஏற்பட்ட கால்நடை வாய் நலக் கவுன்சில், சோதனையில் தேறியவற்றுக்கு முத்திரை கொடுக்கிறது. வி.ஓ.ஹெச்.சி. என்ற எழுத்துகள் அட்டையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஏற்கெனவே காரை பிடித்துவிட்டதா? அது டாக்டர் வேலை. முதலில் ரத்தப் பரிசோதனை, பிறகு முழு மயக்கம், அல்ட்ராசானிக் கருவியால் ஈறுக்கு அடியிலும் சுத்தம், கடைசியில் பாலிஷ். 'மயக்கமே வேண்டாம், அப்படியே சுரண்டித் தரேன்' என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். பார்க்கிற இடம் மட்டும் பளபளக்கும். வியாதி ஈறுக்குள் பத்திரமாக இருக்கும். சென்னைக்காரர்களுக்கு வேப்பேரியில் 1903-லிருந்து நடக்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியும் அதன் ஆஸ்பத்திரியும் இருக்கின்றன. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்துக் கால்நடை டாக்டரிடம், அடுத்த தடுப்பூசிக்குப் போகும்போது, 'அப்படியே வாயையும் பாருங்க டாக்டர்' என்று ஒரு வார்த்தை போட்டு வையுங்கள்.

பல் தேய்ப்பதில் பாதி லாபம் சுத்தம். மீதி, தினம் ஒரு நிமிஷம் நீங்கள் அந்த வாயைப் பார்க்கிறீர்கள் என்பது. சிவந்த ஈறும் உடைந்த பல்லும் வருஷக் கணக்கில் ஒளிந்திருக்க முடியாது. வாய் பேச முடியாத ஜீவனுக்கு அதுவே ஒரு இன்ஷ்யூரன்ஸ். பிரீமியம், ராத்திரிக்கு ஒரு நிமிஷம்.

பின்குறிப்பு: அந்த பிரஷ்ஷைத் தனி டம்ளரில் வைக்கவும். ரூம்மேட் இருந்தால் முன்கூட்டியே தகவல் கொடுக்கவும். நாய் கடிக்காவிட்டாலும் அவர் கடித்துவிடுவார்.