பார்மட் செய்தால் பைல் வருமா?

அரூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் நண்பரின் கம்ப்யூட்டரில் ஒருநாள் எந்தப் போட்டோவும் திறக்கவில்லை. ஒவ்வொரு போல்டரிலும் 980 டாலர் கேட்டு ஒரு மிரட்டல் கடிதம். 72 மணி நேரத்துக்குள் தொடர்பு கொண்டால் பாதித் தொகையாம்! 'ஸ்டாப்' என்னும் ரான்சம்வேரின் கைவரிசை இது. போட்டோ எடிட்டிங் சாப்ட்வேருக்காக அவர் இறக்கிய 'கிராக்' பைலோடு உள்ளே வந்திருக்கிறது.

சர்வீஸுக்கு வந்தவர் உடனே ஹார்டு டிஸ்க்கைப் பார்மட் செய்தார். வைரஸ் போனது, மூன்று கல்யாண ஆல்பங்களும் கூடவே போயின.

என் கோபம் இந்த அவசரத்தின் மீதுதான். ரான்சம்வேரை நீக்குவது வேறு, அது பூட்டிய பைல்களைத் திறப்பது வேறு. முதலில் இன்டர்நெட் இணைப்பைத் துண்டியுங்கள். ஆன்டிவைரஸ் கொண்டு ரான்சம்வேரை நீக்குங்கள். பிறகு பூட்டிய பைல்களையும் மிரட்டல் கடிதத்தையும் காலியான வேறு டிஸ்க்கில் காப்பி செய்து வையுங்கள். 2016-ல் யூரோபோலும் நெதர்லாந்து போலீசும் சேர்ந்து தொடங்கிய 'நோ மோர் ரான்சம்' தளத்தில் திறப்பதற்கான புரோகிராம்கள் இலவசம். 'ஸ்டாப்' வகைக்கு எம்சிசாப்ட் நிறுவனம் 2019-ல் ஒன்றை வெளியிட்டது. எல்லா பைலும் திறக்காதுதான். ஆனால் இன்று திறக்காதது நாளை திறக்கலாம். பைலே இல்லையென்றால்?

பணம் கட்டாதீர்கள்; கட்டினாலும் சாவி வரும் என்று உத்தரவாதமில்லை. 1930-க்குப் போன் செய்து புகார் கொடுங்கள்.

2022 நவம்பரில் டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையே மாட்டியது. அதன் டேட்டாவை மீட்டுத் தந்தது பாதிக்கப்படாத ஒரு பேக்கப் சர்வர்தான். நமக்கு ஒரு எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க் போதும். காப்பி எடுத்ததும் கழற்றி பீரோவில் வைத்துவிடுங்கள்!