ரொட்டிக்குள் இருக்கும் பஞ்சம்

‘மலையகம் 200’ நினைவு நடைபயணம் 2023இல் தலைமன்னாரில் தொடங்கி மாத்தளையில் முடிந்தது. தோட்டத்து ரொட்டியையும் சம்பலையும் பாரம்பரிய உணவாகக் கொண்டாடும் பேச்சு அதன் பின்னர் கூடியிருக்கிறது. நல்லதுதான். வறியவர்களின் சாப்பாடு பெருமைக்குரியதாவது புதிதுமல்ல. பேர்ன் விவசாயிகள் காலையில் சாப்பிட்ட உருளைக்கிழங்கு ரோஸ்டி இன்று சுவிட்சர்லாந்தின் தேசிய உணவு.

ஆனால், அந்த உருளைக்கிழங்கு அவர்களது நிலத்திலேயே விளைந்தது. இலங்கையில் கோதுமை விளைவதில்லை. ஆரம்பத்தில் தோட்ட நிர்வாகங்கள் அரிசியைக் கொடுத்துச் சம்பளத்தில் கழித்தன. இறக்குமதிக் கோதுமை மா லயத்து அடுப்புக்கு வந்தது பின்னர்தான். ஒரு ரொட்டி, கொஞ்சம் சம்பல், சாயத்தண்ணி. மதியம்வரை கொழுந்து பறிக்க வயிறு தாங்கும். விலையும் நேரமும் தீர்மானித்த சாப்பாடு இது. ருசி அப்புறம் வந்து சேர்ந்தது. 1973-74 பஞ்சத்தில் அதுவும் கிடைக்காமல் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் இறந்தார்கள். 2022இல் மாவின் விலை எகிறியபோது அடிவாங்கியதும் இதே அடுப்புகள்தான்.

மாத்தளை வீதியோர வாசனைத் திரவியத் தோட்டங்களில் சுற்றுலாப் பயணிகளுக்கு மிளகின் மகிமையை விளக்குகிறார்கள். நாளை அந்த வரிசையில் ரொட்டியும் இடம்பெறலாம். அப்படி வைப்பவர்கள், 2024இல் 1,350 ரூபாயாக்கப்பட்ட அடிப்படை நாட்சம்பளத்தில் ஒரு குடும்பம் எவ்வளவு அரிசி, பருப்பு, முட்டை வாங்க முடிந்தது என்ற கணக்கையும் பக்கத்திலேயே எழுதி வைக்கட்டும்.