‘ரெண்டும் செட் ஆகல’ என்று மூன்றாம் நாளே சொல்லலாமா? புதுப் பூனையை வீட்டுப் பூனையோடு பழக்குவது எப்படி?

வீட்டில் ஏற்கெனவே ஒரு பூனை இருக்கிறது. துணைக்கு இன்னொன்று இருக்கட்டுமே என்று புதிதாக ஒன்றைக் கொண்டுவருகிறார்கள். கூடையைத் திறந்து ஹாலில் விட்டதும் பழைய பூனை முதுகை வளைத்துச் சீறுகிறது. புதுசு சோபாவுக்கு அடியில் போய்ப் பதுங்குகிறது. இரண்டு நாள் பார்க்கிறார்கள். மூன்றாம் நாள் ‘ரெண்டும் செட் ஆகல’ என்று தீர்ப்பு வந்துவிடுகிறது. அதன் பிறகு புதுப் பூனை போய்ச் சேரும் இடம் பல நேரம் தெருமுனை, இல்லையென்றால் மீன் மார்க்கெட்.

இது அவசரத் தீர்ப்பு. பூனைகளின் குணத்தைவிட, அவற்றை அறிமுகம் செய்த விதத்தில்தான் பல வீடுகளில் கோளாறு இருக்கிறது. இரண்டு பூனைகள் ஒன்றையொன்று ஏற்றுக்கொள்ளப் பல வாரங்கள் ஆகலாம், சில சமயம் மாதக்கணக்கிலும் ஆகலாம். அந்த நேரத்தைக் கொடுக்க முடியுமா என்பதைத்தான் கூடையைத் திறக்கும் முன் யோசிக்க வேண்டும்.

பூனைக்கு ஏன் இவ்வளவு கோபம்?

வீட்டுப் பூனையின் மூதாதை ஆப்பிரிக்கக் காட்டுப் பூனை. அது கூட்டமாக வேட்டையாடும் விலங்கு அல்ல. எலி, பல்லி, சின்னப் பறவை என்று ஒரு வாய்க்கு மட்டுமே போதுமான இரையைத் தனியாகப் பிடித்துத் தனியாகத் தின்னும். பங்கு போட அதில் எதுவும் மிஞ்சாது. அதனால் தன் எல்லைக்குள் வரும் இன்னொரு பூனை அதற்கு நண்பன் இல்லை, சாப்பாட்டுக்குப் போட்டி.

‘மீன் மார்க்கெட்டில் பத்துப் பூனை ஒன்றாக இருக்கிறதே?’ என்று கேட்கலாம். சாப்பாடு தாராளமாகக் கிடைக்கும் இடத்தில் பூனைகள் கூட்டமாக வாழ்வது உண்மைதான். ஆனால் அந்தக் கூட்டத்தின் அடிப்படை பெரும்பாலும் தாய், மகள், அக்கா, தங்கை என்ற ரத்த உறவு. வெளியிலிருந்து வரும் பூனையை அவை லேசில் சேர்த்துக்கொள்வதில்லை, துரத்திவிடும்.

இன்னொரு முக்கியமான விஷயம், பூனை ஆளை அடையாளம் காண்பது முதலில் மூக்கால். கன்னம், நெற்றி, பாதம் ஆகிய இடங்களில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. கதவு, நாற்காலிக் கால், நம் கால் என்று அது உரசிக்கொண்டே திரிவது ‘இது என் இடம்’ என்று முத்திரை வைக்கத்தான். வருஷக்கணக்கில் ஒன்றாக வளர்ந்த பூனைகளில் ஒன்று கால்நடை மருத்துவமனைக்குப் போய்விட்டு வந்தால் மற்றது சீறுவதை வளர்ப்பவர்கள் பார்த்திருப்பார்கள். ஆள் அதேதான், வாசனை மாறிவிட்டது. அப்படியிருக்க, முன்பின் தெரியாத பூனையை நடு ஹாலில் கொண்டுவந்து விட்டால் என்ன ஆகும்?

முதல் வேலை: ஒரு கதவு

புதுப் பூனை வந்ததும் நேராக ஒரு தனி அறைக்குப் போக வேண்டும். தண்ணீர், சாப்பாடு, மணல் தட்டு, ஒளிந்துகொள்ள ஓர் அட்டைப்பெட்டி ஆகியவை அங்கேயே இருக்கட்டும். ஹாலும் சமையலறையும் பழைய பூனைக்கே. அது வழக்கமாகத் தூங்கும் இடத்தையும், உங்களோடு இருக்கும் நேரத்தையும் மாற்ற வேண்டாம்.

ஒரே படுக்கையறை உள்ள வீடு என்றால்? அந்த அறையையே புதுசுக்குக் கொடுக்கலாம். அதுவும் முடியாதென்றால், காற்றோட்டமுள்ள, பெரிதாக ஈரம் தேங்காத குளியலறையில் பழைய துணி விரித்து வைக்கலாம். நன்றாக வலை அடித்த பால்கனியும் வெயில் இல்லாத நேரத்துக்கு உதவும். பூட்டக்கூடிய ஒரு கதவுகூட இல்லாத வீட்டில் இரண்டாவது பூனை வேண்டுமா என்பதை மறுபடி யோசிப்பது நல்லது.

இந்தப் பிரிவுக்கு நோய்த் தடுப்பு என்ற காரணமும் இருக்கிறது. பேன்லூகோபீனியா என்ற வைரஸ் நோய் தடுப்பூசி போடாத குட்டிகளை மிக வேகமாகக் கொன்றுவிடும். கிருமி தொற்றி அறிகுறி தெரியச் சில நாள் ஆகும் என்பதால், வரும்போது துறுதுறுவென்று இருக்கும் குட்டியும் நோயோடு வந்திருக்கலாம். எனவே 14 நாள் தனியாக வைப்பது பாதுகாப்பு. இந்த இடைவெளியில் கால்நடை மருத்துவரிடம் காட்டி, பேன்லூகோபீனியா உள்ளிட்ட நோய்களுக்கான தடுப்பூசியைத் தொடங்கிவிட வேண்டும். குட்டிகளுக்கு 6 முதல் 8 வாரத்தில் ஆரம்பித்து, 16 வார வயது வரை 3 அல்லது 4 வார இடைவெளியில் போடுவார்கள். ரேபிஸ் தடுப்பூசி 3 மாத வயதில். பழைய பூனைக்கும் ஊசி பாக்கி இருந்தால் போட்டுவிடுங்கள். புதுசைத் தொட்டுவிட்டு பழசைத் தூக்கும் முன் கை கழுவுவதும் முக்கியம்.

அடுத்தது மூக்கு, பிறகு கண்

குட்டி ஆரோக்கியமாக இருக்கிறது என்று மருத்துவர் சொன்ன பிறகு வாசனையைப் பரிமாற ஆரம்பிக்கலாம். புதுசு படுத்த துணியைப் பழசின் அருகிலும், பழசு படுத்த துணியைப் புதுசின் அறையிலும் போடுங்கள். மோந்துவிட்டுச் சீறினால் துணியைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், அவ்வளவுதான். திட்டக் கூடாது. துணியைக் கண்டுகொள்ளாமல் போகும் நிலை வரும்போது அடுத்த கட்டம்.

மூடிய கதவின் இரண்டு பக்கமும் இரண்டு பூனைக்கும் ஒரே நேரத்தில் சாப்பாடு வையுங்கள். முதலில் கதவிலிருந்து ஐந்தாறு அடி தள்ளி. இரண்டும் நிம்மதியாகச் சாப்பிட்டால் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டைக் கதவுப் பக்கம் நகர்த்தலாம். மீனோ கோழியோ, அவற்றுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ அதை இந்த நேரத்துக்கென்று ஒதுக்கி வையுங்கள். ‘அந்த வாசனை வந்தால் நல்ல சாப்பாடு வரும்’ என்று மனதில் பதிய வேண்டும்.

அதன் பிறகுதான் பார்வை. கதவை இரண்டு விரல் அளவு திறந்து முட்டுக்கொடுக்கலாம், அல்லது வாசலில் கம்பி வலைச் சட்டம் வைக்கலாம். பார்த்துக்கொண்டே சாப்பிட்டால் பாதிக் கிணறு தாண்டியாச்சு. நேருக்கு நேர் சந்திப்பு முதலில் ஐந்து நிமிடம் போதும். இரண்டும் வயிறு நிறைந்து, விளையாடிக் களைத்திருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். தூக்கிக்கொண்டு போய் முகத்துக்கு முகம் காட்டுவது வேண்டவே வேண்டாம். ஒரு கட்டத்தில் சண்டை வந்தால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள். அது தோல்வி இல்லை.

எது சாதாரணம், எது ஆபத்து?

சீறுவது, ஒரு தட்டு தட்டிவிட்டு விலகுவது எல்லாம் சாதாரணம். ‘கிட்ட வராதே’ என்று பூனை சொல்லும் விதம் அது. காதைப் பின்னால் மடக்கி, வாலை வேகமாக அடித்து, கண் இமைக்காமல் முறைத்தால் சந்திப்பை அப்போதே முடித்துவிட வேண்டும். கட்டிப் புரண்டால் நடுவில் கையை விடாதீர்கள். தலையணையையோ அட்டையையோ இடையில் செருகிப் பிரியுங்கள். கடியோ கீறலோ பட்டால் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, ரேபிஸ் ஊசிக்காக அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சத்தமே இல்லாமலும் பிரச்சினை நடக்கும். ஒன்று மணல் தட்டுக்குப் போகும் வழியில் மற்றொன்று படுத்து மறிக்கும். அதனால்தான் தட்டு கணக்கு: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூடுதல். இரண்டு பூனைக்கு மூன்று தட்டு, அதுவும் வெவ்வேறு இடங்களில். சாப்பாட்டுத் தட்டும் தண்ணீரும் தனித்தனி. வெளியே சிறுநீர் கழித்தால் பினாயில் ஊற்றிக் கழுவுவது நம் வீடுகளில் வழக்கம். அதில் உள்ள பீனால் வகை ரசாயனங்கள் பூனையின் உடலில் எளிதில் முறியாது, விஷமாகிவிடும். சாதாரண சோப்புத் தண்ணீரே போதும்.

ஒரு பூனை ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாமல் இருந்தால் காத்திருக்காதீர்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். ஆண் பூனை தட்டில் திரும்பத் திரும்ப உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் அது சிறுநீர்ப் பாதை அடைப்பாக இருக்கலாம். மன அழுத்தத்தில் வரக்கூடியது, உயிருக்கே ஆபத்தானது. சில மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது. இனக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சையையும் தள்ளிப்போட வேண்டாம். குட்டிப் போடுவதைத் தடுப்பதோடு, குறிப்பாக ஆண் பூனைகளின் சண்டையையும் அது வெகுவாகக் குறைக்கும்.

மீன் மார்க்கெட்டில் விட்டால் பிழைத்துக்கொள்ளுமா?

எல்லாம் செய்தும் ஒத்துவராத பூனைகள் உண்டு. வயதான பூனை, நோயாளிப் பூனை, வாழ்நாள் முழுக்கத் தனியாக வளர்ந்த பூனை ஆகியவை துணையை விரும்பாமலே போகலாம். அப்போது புதுசுக்கு வேறு நல்ல வீடு தேடுவதுதான் நியாயம். அது கிடைக்கும் வரை தனி அறை தொடர வேண்டும்.

‘மார்க்கெட்டில் விட்டுட்டா பொழைச்சுக்கும்’ என்பது நம்மை நாமே சமாதானப்படுத்திக்கொள்ளும் பேச்சு. உங்கள் ஹாலில் ஒரே ஒரு பூனை அதை எதிர்த்தது. அங்கே ஒரு கூட்டமே எதிர்க்கும். தடுப்பதற்குக் கதவும் இருக்காது.

சட்டமும் இதைக் குற்றம் என்கிறது. பசியிலும் தாகத்திலும் வாடும் நிலையில் விலங்கைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 11-வது பிரிவின்படி தண்டனைக்குரியது. ஆனால் முதல் முறைக்கான அபராதம் அந்தச் சட்டத்தில் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். ஒரு பாக்கெட் பூனை உணவின் விலைகூட வராத அந்தத் தொகை யாரையும் தடுக்கப்போவதில்லை. திருத்தப்பட வேண்டிய சட்டம் இது.

சட்டம் மாறும்வரை பொறுப்பு வளர்ப்பவருடையது. இன்னொரு பூனையைக் கொண்டுவர நினைப்பவர்கள் தங்களிடம் மூன்று இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும்: சாத்தி வைக்க ஓர் அறை, ஊசிக்கும் அறுவை சிகிச்சைக்கும் பணம், இரண்டு மாதப் பொறுமை. இதில் ஒன்று குறைந்தாலும் தெருப் பூனைக்கு வாசலில் தினமும் சாப்பாடு வைப்பதே அதற்குச் செய்யும் பெரிய உதவி.