வெறுமையைக் காட்டும் கொடி

கொடி என்றதும் வெருகல் வாசிகளின் நெஞ்சில் முதலில் எழுவது சித்திர வேலாயுத சுவாமி ஆலயத்துக் கொடியேற்றமேயாகும். விழாத் தொடங்கிற்று என ஊரார் அனைவர்க்கும் அறிவிப்பது அக்கொடி. நம் மாவட்டத்தின் திருகோணமலைத் துறைமுகத்திலோ வேறு வகைக் கொடிகளைக் காணலாம். வெடிமருந்து முதலிய அபாயப் பொருள்களை ஏற்றியிறக்கும் கப்பல் செந்நிறக் கொடியொன்றை உயர்த்துதல் வேண்டும் என்பது கடலோடும் நாடுகள் யாவும் ஏற்றுக்கொண்ட விதி. “இங்கே அபாயம் உண்டு” என்பது அதன் பொருள்.

இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட கொடியோ இவ்விரண்டினும் மிகச் சிறியது. கைக்குள் அடங்கிவிடும் அச்சிறு கொடி சொல்லுவது, “இங்கே அபாயம் இல்லை” என்பதாகும். துவக்குச் சுடும் போட்டிகளிலே ஒவ்வொரு துவக்கினுள்ளும் செருகி வைக்கப்படும் காப்புக் கொடியே அது.

துவக்குக் குழலின் அடியில், ரவை சென்று அமர்வதற்குரிய சிற்றறை ஒன்று உளது. அதனை மூடித் திறக்க இரும்புத் தாழ் ஒன்று உண்டு. அவ்வறையில் ரவை இருக்கின்றதா, இல்லையா என்பதை எட்ட நிற்பவர் அறியமாட்டார். துவக்கை ஏந்தி நிற்பவரே சில வேளை மறந்துவிடுகிறார். ஆதலின், தாழைத் திறந்து, கண்ணைப் பறிக்கும் செம்மஞ்சள் நிறத்துச் சிறு கொடியொன்றின் தண்டை அவ்வறையினுள் நுழைத்துவிடுகின்றனர். கொடியின் நாக்கு வெளியே நீட்டி நிற்கும். அறையில் ரவை இருப்பின் தண்டு உள்ளே செல்லாது. தண்டு உள்ளே இருக்கையில் தாழ் மூடாது. தாழ் மூடாவிடில் துவக்கு வெடிக்காது. இத்துணை எளிமையானது இதன் நுட்பம்.

கார்பைன் எனப்படும் குறுந்துவக்கிற்கு இக்கொடி பெரிதும் வேண்டப்படுவது. முற்காலத்தில் குதிரை வீரர் எளிதிற் கையாளும்பொருட்டுக் குழலைக் குறுக்கிச் செய்யப்பட்ட ரைபிளே கார்பைன். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கா செய்த ‘எம் 1’ கார்பைன்கள் மட்டும் 60 இலட்சத்துக்கு மேற்பட்டவை. ஒகையோ மாநிலத்துக் காம்ப் பெரி என்னுமிடத்தில் 1907ஆம் ஆண்டு முதல் தேசியத் துவக்குப் போட்டிகள் நடைபெற்று வருகின்றன. அக்களத்தில் இப்பழைய கார்பைன்களுக்கெனத் தனிப் போட்டியும் உண்டு. அங்கும் கொடி இன்றியமையாதது. ஏனெனில், குழல் குறுகியதாதலால், ஏந்தியவர் சிறிது திரும்பினும் துவக்கின் வாய் பக்கத்தில் நிற்பவரை நோக்கிவிடும். மேலும், ரவைக்கூட்டைக் கழற்றிவிட்டால் துவக்கு வெறுமையாயிற்று எனப் பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. கூட்டைக் கழற்றிய பின்னரும் அறையினுள் ஒரு ரவை எஞ்சியிருத்தல் கூடும். உயிரைக் குடிப்பதற்கு அந்த ஒன்றே போதும்.

உலகப் போட்டிகளிலும் இவ்விதி கண்டிப்பானது. 2021 யூலை 24ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக்கில் மகளிர் 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டி நிகழ்ந்தது. இலங்கையின் தெஹானி எகொடவெலவும், இந்தியாவின் சார்பிற் கடலூரிற் பிறந்த தமிழ் மகள் இளவேனில் வாலறிவனும் அதிற் கலந்துகொண்டனர். எயார் ரைபிளுக்குரிய காப்புக் கொடி குழலின் முழு நீளமும் ஊடுருவிச் செல்லத்தக்க நீண்ட இழையாய் இருத்தல் வேண்டும் என்பது சர்வதேசச் சம்மேளனத்தின் விதி. உலகப் புகழ் பெற்ற வீராங்கனையாயினும், நேற்றுப் பயிலத் தொடங்கிய மாணவியாயினும், அனுமதி கிடைக்கும் வரை கொடியை அகற்றலாகாது. சுடும் கோட்டிற்கு முன்னால் எவரேனும் சென்றிருக்கும்போது துவக்கைத் தொடுதலும் கூடாது. கொடியின்றி வைத்தவரை நடுவர் எச்சரிப்பார். “நான் பார்த்துவிட்டேன், வெறுந்துவக்குத்தான்” என்னும் சொல் அங்கே செல்லாது.

“இவ்விளையாட்டெல்லாம் நமக்கு எதற்கு?” என்று அன்பர் சிலர் வினவலாம். 2004ஆம் ஆண்டு ஏப்பிரலிலும், மீண்டும் 2006ஆம் ஆண்டிலும் வெருகலாற்றங்கரை கேட்ட வெடியோசையை நம் முதியோர் மறந்திலர். துவக்கு என்ற சொல்லையே கேட்க விரும்பாத வீடுகள் இங்கு உள. அவ்வெறுப்பு நியாயமானதே. ஆயினும், போர் 2009இல் முடிந்த பின்னரும் துவக்கு நம் வயல்களை விட்டு முற்றாக நீங்கவில்லை. யானையிடமிருந்தும் பன்றியிடமிருந்தும் பயிரைக் காக்க, உரிமப் பத்திரத்துடன் துவக்கு வைத்திருக்கும் கமக்காரர் உளர். இரவில் வயற்காவல் முடிந்து வந்து, மூலையிற் சாத்திவிட்டு உறங்கும்போது, அது வெறுமையா அன்றா என்பதை விடியலில் எழும் சிறுவன் எங்ஙனம் அறிவான்? மடித்துத் திறக்கும் இரட்டைக் குழல் துவக்காயின், திறந்த நிலையில் வைப்பதே அதற்குரிய கொடி. ரவைகளை வேறாகவும், துவக்கைப் பூட்டியும் வைத்தல் அதனினும் நன்று.

இதற்கு நேர்மாறானது கட்டுத்துவக்கு. பன்றி வரும் வழியிற் கம்பியோ கயிறோ கட்டி, அதனை இடறியதும் வெடிக்குமாறு மறைத்து வைக்கப்படுவது அது. சட்டம் அதனைத் தடை செய்துளது. இருந்தும், விறகுக்குச் சென்றவர் கால் இழந்ததும், யானை புண்பட்டு அலைந்ததும் இந்நாட்டில் அடிக்கடி கேட்கும் செய்திகள். காப்புக் கொடி, துவக்கின் நிலையை எல்லார்க்கும் வெளிப்படுத்துவது. கட்டுத்துவக்கோ அதனை எல்லாரிடமிருந்தும் ஒளித்து வைப்பது. ஒன்று அயலானின் உயிரை மதிப்பது. மற்றது அவன் அவ்வழியே வரக்கூடும் என்பதையே எண்ணாதது.

மாணவர்கள் ஒன்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். காட்டோரத்தில் ரவையோ பழைய துவக்கோ காணின் தொடாது விலகிச் சென்று பெரியோர்க்கு உரைத்தலே அறிவுடைமை. கொடி செருகிய துவக்காயினும் அதன் வாயை ஒருவர்பாற் திருப்புதல் விளையாட்டன்று.

“என்னை நம்பவில்லையா?” என்று கேட்பது நம்மவர் இயல்பு. சுடுகளத்தில் அக்கேள்வி எழுவதில்லை. அங்கே கொடியைச் செருகுபவர் தம் மீது ஐயம் கொள்ளப்பட்டதாகக் கருதி வருந்துவதில்லை. பக்கத்தில் நிற்பவர் அஞ்சாதிருத்தற்குத் தாம் செய்யும் மரியாதை அது என்றே கருதுகிறார். பிறர் உயிர் தங்கியிருக்கும் இடத்தில் வாய்ச்சொல் போதாது, கண்ணாற் காணக் காட்டுதல் வேண்டும் என்பதே அச்செம்மஞ்சட் கொடி நமக்குக் கற்பிக்கும் பாடம்.