சுராங்கனியை நிறுத்தச் சொன்ன தம்பிக்கு

போன மாதம் உச்சிப்புளியில் ஒரு கல்யாண வீடு. பந்தி நடந்துகொண்டிருந்தபோது ரேடியோ செட்காரப் பையன் ‘சுராங்கனி’ போட்டான். பொடிசுகள் எல்லாம் ஆட ஆரம்பித்தன. ஒரு தம்பி விறுவிறுவென்று போய் நிறுத்தச் சொன்னார். ஏன் என்று கேட்டேன்.

“நம்ம ஆளுகளை அங்க ஜெயில்ல போட்டிருக்காய்ங்க. அவய்ங்க பாட்டு நமக்கு எதுக்குங்கய்யா?”

அவர் மாமா போன படகு இன்னும் திரும்பவில்லையாம். கல்யாண வீட்டில் வாக்குவாதம் வேண்டாமென்று வாயை மூடிக்கொண்டேன். பதிலை இங்கே எழுதுகிறேன்.

தம்பி, உங்கள் கோபத்தில் குறையே இல்லை. காட்டிய இடம்தான் தப்பு. அந்தப் பாட்டைப் பிரபலமாக்கிய ஏ.ஈ. மனோகரன் யார்? இலங்கைத் தமிழர். சிங்களத்திலும் பாடினார், தமிழிலும் பாடினார். இங்கே வந்து சினிமாவில் நடித்தார். 2018 ஜனவரியில் சென்னையில்தான் கண்ணை மூடினார். 1977-இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் இளையராஜா அதே பாட்டை எடுத்து மலேசியா வாசுதேவனைப் பாட வைத்தார். இதில் அவன் பாட்டு எது, நம் பாட்டு எது?

சரி, ‘பைலா’ என்கிற அந்த ஆட்டப்பாட்டாவது சிங்களவர் சொத்தா? போர்த்துகீசியர் விட்டுப்போனது அது. சாவி, ஜன்னல், அலமாரி எல்லாமே அவர்கள் விட்டுப்போன வார்த்தைகள்தான். உங்கள் வீட்டிலும் இருக்கும். நான் புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தவன். 1954-இல் பிரெஞ்சுக்காரனிடமிருந்து ஆட்சியை வாங்கிக்கொண்டோம். அவன் பாட்டை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. அதற்கப்புறம் பள்ளியில் சேர்ந்த நானும் ‘ஃப்ரேர் ஜாக்’ பாடித்தான் வளர்ந்தேன்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது. “கிழடுகளின் பழைய நினைப்பு, வேறென்ன” என்பார்கள். அன்றைக்கு ஆடிய பொடிசுகளுக்கு என்ன பழைய நினைப்பு? எனக்கு உண்டு, மறுக்கவில்லை. 70களின் கடைசியில் குமாஸ்தா வேலைக்காக இந்தக் கரைக்கு வந்தபோது திருச்சி வானொலியைவிட இலங்கை வானொலிதான் கணீரென்று கேட்கும். ராமேஸ்வரத்திலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. ஆனால் பாட்டு நிலைத்தது அதனால் அல்ல. ‘மாலு’ என்பதை ஏதோ கேலி வார்த்தை என்றே இங்கே பலரும் நினைத்திருக்கிறார்கள். சிங்களத்தில் மாலு என்றால் மீன். மீன் கொண்டுவந்திருக்கிறேன், வா என்று ஒருவன் ஒருத்தியைக் கூப்பிடுகிறான். அவ்வளவுதான் பாட்டு. மண்டபத்திலும் பாம்பனிலும் தினம் நடப்பதுதானே!

கடலுக்குப் போனவன் மீனோடு வீடு வந்து சேர்ந்துவிட்ட பாட்டைத்தான் தம்பி, நீங்கள் நிறுத்தச் சொன்னீர்கள்.

உங்கள் மாமாவை விடச்சொல்லித் தங்கச்சிமடத்தில் உண்ணாவிரதம் என்றால் சொல்லி அனுப்புங்கள். காலை பஸ்ஸுக்கே வந்துவிடுகிறேன்.